கழிவு என்று எழுதினேன்

தை 4, வெள்ளி

இன்று ஒன்பது பேர் வந்தார்கள். மேலும் இரண்டு பேர் வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவை இப்போது ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹீலர் ஐயா. நூல் மில்லில் இருபத்தாறு வருடம் மேஸ்திரியாக இருந்தவர். மில்லை மூடின பிறகு ஈரோட்டுக்கு ஞாயிறு ஞாயிறாகப் போய் ஆறு மாதம் அக்குபங்சர் படித்தார். எங்கள் முன்னறைதான் வைத்தியசாலை. செவ்வாய், வெள்ளி. இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார். பிறகு ஒரே ஓர் ஊசி. சிலருக்கு ஊசிகூட இல்லை, விரல் நுனியால் ஒரு தொடல். மனப் பாரம், தூக்கமின்மை, படபடப்பு என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

நோயாளிகளின் பேரேட்டை நான் எழுதுகிறேன். எட்டாவதோடு என்னை நிறுத்தினார்கள். மீதியைப் பொட்டலம் கட்டின தாளிலும் நூலகத்திலும் நானே படித்துக்கொண்டேன். கோடு போட்டு எழுதினால் அச்சு மாதிரி இருக்கும். நாலு கட்டம்: பெயர், தொந்தரவு, தொட்ட இடம், அடுத்த முறை வந்தபோது எப்படி இருந்தார். நாலாவது கட்டத்தை மட்டும் அவர் சொல்லித்தான் எழுத வேண்டும். நன்றாக இருந்தால் 'தேறினார்'. முன்னைவிட அதிகமாகியிருந்தால் 'கழிவு'. அதாவது உடம்பு உள்ளே இருந்த கழிவை வெளியே தள்ளுகிறதாம், அதனால்தான் அதிகமாகத் தெரிகிறதாம். மூன்றாவது வார்த்தை கிடையாது.

இன்று கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, தேறவும் இல்ல, கழிவும் இல்ல, சும்மாவே மோசமாப் போனா என்னன்னு எழுதறதுங்க?"

"அப்படி ஒண்ணு இல்ல தெய்வா."

"இருந்தா?"

"உனக்குக் கல்லீரல் சூடாயிருக்குது. காலை நீட்டு."

அவர் படிப்பில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு குணம். துக்கம் நுரையீரலில், பயம் சிறுநீரகத்தில், கவலை மண்ணீரலில், கோபம் கல்லீரலில். கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கோபத்துக்கு ஓர் இடம் உண்டு. நான் கேள்வி கேட்டால் பதில் வராது, காலைப் பிடித்துவிடுவார். அங்கே அழுத்தினால் கோபம் கொஞ்சம் இறங்கவும் செய்கிறது. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கோபம் இறங்கிவிட்டால் கேள்வி மட்டும் தனியாக நிற்கிறது.

தை 6, ஞாயிறு

கோயிலில் உழவாரப் பணி. மடைப்பள்ளிப் பாத்திரங்கள் எனக்கும் சுலோச்சனா அக்காவுக்கும். அக்கா தேய்க்காமல் ஒரே அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் மோகனப்பிரியாவைப் பற்றிச் சொல்லி அழுதார். குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. பிரசவத்துக்குப் பிறகு தூங்காமல், எதற்கெடுத்தாலும் பயந்து, ஒரு மாதம் மிகவும் மோசமாக இருந்தாளாம். ஈரோட்டில் மனநல மருத்துவரிடம் காட்டி மாத்திரை போட்டு இப்போது பரவாயில்லை. ஆனாலும் மாத்திரை என்றால் அக்காவுக்கு உதறல்.

"பையன் பெங்களூர்ல இருக்கறான். இங்க யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்றது தெய்வானை? மனசுக்கு மாத்திரை திங்கறான்னா பைத்தியக்காரின்னு பேராயிருமல்ல."

"எங்க ஊட்டுக்குக் கூட்டியாங்கக்கா. மனசு லேசாகும்" என்றேன்.

நான்தான் சொன்னேன். யார் சொன்னது என்று நாளைக்கு யாரும் தேட வேண்டாம், எழுதி வைக்கிறேன்.

தை 8, செவ்வாய்

மோகனா வந்தாள். இருபத்தாறு வயது. பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்றே "உள்ள வரலாங்களா" என்று மூன்று முறை கேட்டாள். அவர் நாடி பார்த்தார், நிதானமாக, கண்ணை மூடி. இந்த மனிதருக்கு அந்த நேரத்தில் வருகிற பொறுமை என்னிடம் ஒரு நாளும் வந்ததில்லை. மணிக்கட்டு மடிப்பில் ஓர் ஊசி. "கண்ண மூடிக்க சாமி. யாரும் உன்னைக் கூப்புட மாட்டாங்க" என்றார்.

தூங்கிவிட்டாள். நாற்காலியிலேயே, வாய் லேசாகத் திறந்து, நாற்பது நிமிடம். குழந்தையை நான் வைத்துக்கொண்டேன். எழுந்ததும் "எத்தனை நாளாச்சு இப்படித் தூங்கி" என்று சிரித்தாள். சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழுகிறது.

அடுத்த முறை வரட்டும் என்று காத்திராமல், அவர் சொல்லாமலே, 'தேறினார்' என்று எழுதினேன். மனது நிறைந்துதான் எழுதினேன்.

தை 11, வெள்ளி

மோகனா இரண்டாம் முறை. முகம் தெளிவு. அவர் மாத்திரைப் பேச்சை எடுத்தார்.

"மாத்திரை ஒரு பக்கம் இழுக்குது, ஊசி ஒரு பக்கம் இழுக்குது. உடம்பு எந்தப் பக்கம் போகும் சொல்லு? அதை விட்டுட்டீன்னா உடம்பே தன்னைச் சரிபண்ணிக்கும்."

அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்குதா? என்ற ஊட்டுக்காரியப் பாரு. ரத்தக் கொதிப்பு. ரெண்டு வேளை மாத்திரை தின்னுட்டு இருந்தா. விட்டு மூணு வருசமாச்சு. எப்படி இருக்கறான்னு நீயே பாத்துக்க."

எல்லோரிடமும் இதைத்தான் சொல்வார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். கோயில் யானை மாதிரி.

சுக்குக் காப்பி எடுக்கப் போனபோது அவள் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள்.

"பெரிம்மா, நெசமாலுமே விட்டுட்டீங்களா?"

"மூணு வருசம் ஆச்சு சாமி."

"ஒண்ணும் பண்ணலீங்களா?"

"எனக்கென்ன. பாக்கறயல்ல."

வேறு எழுத ஒன்றும் இல்லை. மின்சாரம் இரண்டு மணி நேரம் போய்விட்டது. மாவு புளித்துவிட்டது.

தை 13, ஞாயிறு

பச்சைமலை முருகனுக்குப் பாலாபிஷேகம். வரும் வழியில் வழக்கமான கடையில் வழக்கமானதை வாங்கினேன்.

தை 18, வெள்ளி

மோகனா மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம். செவ்வாயன்று வந்தபோது கைவிரல் நடுங்கியது. இன்று நடுக்கத்தோடு தூக்கமும் இல்லை என்றாள். தலைக்குள் மின்சாரம் அடிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

"அருமை. வெளிய தள்ளுது" என்றார் அவர். என் பக்கம் திரும்பி, "கழிவு" என்றார்.

எழுதினேன்.

தை 22, செவ்வாய்

கழிவு.

தை 25, வெள்ளி

மோகனா தலை வாரவில்லை. ரவிக்கையை மாற்றிப் போட்டிருந்தாள், தையல் வெளியே தெரிந்தது. குழந்தை பசித்துக் கத்தியது. அவள் அதை யாரோ பேருந்தில் மடியில் வைத்துவிட்டுப் போன பை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பாலூட்ட எடுத்துக் கொடுத்தேன். இன்று ஊசி வைத்தும் தூங்கவில்லை. கண்ணை மூடச் சொன்னால் மூடுகிறாள். கண்ணீர் மட்டும் வருகிறது.

"அழட்டும். நுரையீரல்ல தேங்குன துக்கம் இறங்குது. அழறது நல்லது" என்று சுலோச்சனா அக்காவிடம் விளக்கினார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்குப் பேனா ஓடவில்லை. "எழுது" என்றார். 'கழிவு' என்று எழுதிய கை என் கைதான். தூக்கமில்லை, கழிவு. அழுகை, கழிவு. குழந்தையைத் தொட மனமில்லை, அதுவும் கழிவு. அவளிடம் கடைசியில் என்னதான் மிஞ்சும்?

கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "இந்தப் புள்ளைக்கு ஆகலீங்க. அந்த ஈரோட்டு டாக்டர்கிட்டயே போகச் சொல்லுங்க."

"நடுவுல விட்டா கெட்டுரும்."

"கெட்டுத்தானுங்க போயிருக்குது."

"உனக்கு நம்பிக்கை கொறைஞ்சுட்டு வருது. வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெடுக்கு வெடுக்குன்னு பேசற. காலை நீட்டு."

நீட்டவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவை. இரண்டு காலையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்துவிட்டு எழுந்து போனார்.

தை 29, செவ்வாய், தைப்பூசம்

பழனிக்கு நடக்கிறவர்களுக்காகச் சாலையோரம் பந்தல். மோர், தண்ணீர், பக்கத்தில் நாற்காலி போட்டு அவர். கொப்புளம் வெடித்த கால்களை மடியில் வைத்துத் தொட்டுவிட்டார். அறுபது பேருக்கு மேல் இருக்கும். வலி இறங்கியது என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, முகத்திலேயே தெரிந்தது. அதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

காங்கேயத்துப் பெண்மணி ஒருத்தி என் கன்னத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். "மாத்திரையே இல்லாம இருக்கறது நீங்கதானுங்களா அம்மிணி? உங்களப் பாத்துத்தான் நானும் விட்டுட்டேன்."

என்ன மாத்திரை என்று கேட்பதற்குள் கூட்டம் அவளை நகர்த்திவிட்டது. அவள் பெயர்கூடத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பூசையறையில் உட்கார்ந்தேன். பூசத்தன்று முருகன் முன்னால் பொய்யோடு உட்கார முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் மாத்திரையை விடவே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் விட்டேன், பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் பச்சைமலைப் படியில் தலை சுற்றி விழுந்தேன். பூக்காரி தண்ணீர் தெளித்து எழுப்பினாள். அங்கிருந்தே தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கருவியைப் பார்த்துவிட்டுத் திட்டினார். அன்று சாயங்காலமே மறுபடி ஆரம்பித்தேன். பெருங்காய டப்பாவில் வைத்திருக்கிறேன். ஆண்பிள்ளை கை வைக்காத டப்பா அது ஒன்றுதான்.

ஏன் சொல்லவில்லை? மில்லை மூடின பிறகு இரண்டு வருடம் இந்த மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம். ஊசி படித்த பிறகுதான் எழுந்து நின்றார். எழுந்து நின்றவர் முதலில் பிடித்தது என் நாடியைத்தான். "அருமையா ஓடுது தெய்வா, நான் ஜெயிச்சுட்டேன்" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு அவர் என்னை நாலு பேருக்குக் காட்ட ஆரம்பித்தார். நாலு பேர் நாற்பதானார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. இந்த வீட்டில் பொய் சொல்கிற ஆள் நான் ஒருத்திதான். அவர் மேல் எனக்கு வருகிற கோபத்தில் பாதிக்கு மேல் முகவரி தவறிப் போகிறது.

மாசி 2, வெள்ளி

மோகனாவைப் பார்த்துவிட்டுச் சுலோச்சனா அக்காவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன்.

"அக்கா, டாக்டர்கிட்டக் கூட்டிப் போங்க. நாளைக்கே."

"ஏன், உங்க ஊட்டுக்காரர் கழிவுன்னுதானே சொல்றாரு?"

"அவர் சொல்றது இருக்கட்டும். நான் சொல்றேன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ மட்டும் மாத்திரை இல்லாம ஜம்முன்னு இருப்ப. என்ற மருமக மட்டும் காலம் பூரா தின்னுட்டுக் கெடக்கோணுமா? நல்லா இருக்குது நாயம்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். வாய் வரைக்கும் வந்தது. உள்ளேயிருந்து அவர் "தெய்வா, அடுத்த பேரு யாரு?" என்று கூப்பிட்டார். போய்ப் பெயரைப் படித்தேன்.

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

மாசி 6, செவ்வாய்

மோகனா வரவில்லை. வராதவர்கள் குணமானவர்கள் என்று கணக்கு.

"தேறினார்னு எழுதிரு" என்றார்.

பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன். ஒரு டம்ளர் நசுங்கிவிட்டது. நசுக்கினேன்.

மாசி 7, புதன்

மதியம். அவர் சத்தியமங்கலத்தில் பேசப் போயிருந்தார். கொல்லைக் கதவு தட்டுகிற சத்தம். மோகனா, இடுப்பில் குழந்தை. காலில் செருப்பு இல்லை. தார் ரோட்டில் மதிய வெயிலில் அரை மைல் நடந்து வந்திருக்கிறாள், பாதம் வெந்து சிவந்திருந்தது. அவளுக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை.

குழந்தையை என் மடியில் வைத்தாள். துணி மாற்றி, பொட்டு வைத்து, புதுச் சட்டை போட்டிருந்தாள் அதற்கு.

"சித்தெ வெச்சிருங்க பெரிம்மா. பால் குடிச்சிட்டா. இனி அழுக மாட்டா."

"நீ எங்க போற?"

"சும்மா. வாய்க்கால் பக்கம்."

சொன்ன குரலில் ஒன்றுமே இல்லை. திரும்பி நடந்தாள். நான் குழந்தையை ஒரு கையில் அள்ளிக்கொண்டு போய் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துவிட்டேன். வலுவாக இழுத்தேன். தோளில் குத்தியிருந்த ஊக்கு கிழித்துக்கொண்டு வந்தது.

"விடுங்க பெரிம்மா. நான் இருந்து யாருக்கு என்ன?"

"சொல்றதைக் கேளு. நான் மாத்திரை விடல."

நின்றாள்.

"பொய் சொன்னேன். மூணு வருசமா ஒரு நாள்கூட விடல. இன்னிக்குக் காலையிலகூடத் தின்னேன். வா, காட்டறேன்."

அடுப்படிக்கு இழுத்துப்போய் டப்பாவைக் கவிழ்த்தேன். அட்டை அட்டையாக விழுந்தது. பாதி காலியானதும், முழுசும். அவள் ஒன்றை எடுத்துத் தேதியைப் படித்தாள். பின்புறம் திருப்பி மறுபடி படித்தாள்.

"அப்ப எனக்கு வர்றது கழிவு இல்லீங்களா?"

"இல்ல சாமி. வியாதி. மருந்து இருக்கற வியாதி."

தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாருக்கும் மாத்திரை இல்லாம நல்லாவுது. உங்களுக்கு நல்லாச்சு. எனக்கு மட்டும் ஆகலையே, நான்தான் கெட்டவ போல இருக்குது, என்ற உள்ள இருக்கறது அத்தனையும் கழிவு போல இருக்குது, அப்படின்னு நெனச்சுட்டு இருந்தேன் பெரிம்மா. இந்தப் புள்ளைக்கு நான் இல்லாம இருக்கறதுதான் நல்லதுன்னு."

அவளாக நினைத்தது இல்லை இது. என் கோடு போட்ட பேரேட்டில், என் அச்சு மாதிரி எழுத்தில் இருக்கிறது.

ஆட்டோவைக் கூப்பிட்டு, அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, வழியில் சுலோச்சனா அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஈரோடு. அக்கா "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்றே வந்தார். "மூடிட்டு வாங்கக்கா" என்றேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர்.

மாசி 8, வியாழன்

மோகனாவைச் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மாவுக்கு என் மகள் இருந்தால் அந்த வயது இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன்.

"ஊசி வெச்சுக்கிட்டதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலைங்கம்மா. எங்கிட்ட வர்றவங்கள்ல சிலரும் போறாங்க, மனசு லேசாகுதுன்னு சொல்றாங்க. துணைக்கு அது இருக்கட்டும். ஆனா இந்த மாத்திரையை ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது. நீங்க ஒரு மணி நேரம் தாமதிச்சிருந்தா நான் இப்ப உங்ககூடப் பேசிட்டு இருக்க மாட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை.

இரவு ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவர் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். மாத்திரை அட்டைகள் நேற்று விழுந்த இடத்திலேயே கிடந்தன. அவர் ஒன்றையும் தொடவில்லை.

"எத்தனை நாளா?"

"மூணு வருசமா."

"வெள்ளிக்கெழம தவறாம நாடி புடிச்சேனே. என்ற விரல் சொன்னது பொய்யா?"

"விரல் சொன்னது நெசந்தான். மாத்திரை வேலை செஞ்சதைத்தான் அது சொல்லுச்சு."

சத்தம் போட்டார். நானும் போட்டேன். முப்பது வருடத்துச் சத்தம். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடிக்கொண்டது. என்னை நாலு பேர் முன்னால் நிறுத்தி வேடிக்கை காட்டினீர்கள் என்றேன். நீ ஏன் நின்றாய் என்றார். நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். கடைசியில் அவர் அம்மிக்கல் மேல் உட்கார்ந்துகொண்டார். அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அப்பறம் நான் குணப்படுத்துனது யாரைத் தெய்வா?"

"தூங்க வெச்சீங்க. மொத நாள் அந்தப் புள்ளையத் தூங்க வெச்சீங்க, நான் கண்ணால பாத்தேன். அதோட நிறுத்தியிருக்கலாமுங்க."

"ஞாயித்துக்கெழமைக் கூட்டத்துல நீ வாயத் தொறக்காத. நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்."

நான் குனிந்து அட்டைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

மாசி 11, ஞாயிறு

மாதக் கூட்டம். வாசலில் சாமியானா, முப்பது பேருக்கு மேல். அவர் தண்ணீரைப் பற்றிப் பேசினார், பசித்தால் மட்டும் சாப்பிடுவது பற்றிப் பேசினார், கோபத்தை அடக்காமல் கவனிப்பது பற்றிப் பேசினார். பக்குவம் வரும் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. ஒரு மணி நேரம் தண்ணீரைச் சுற்றியே நடந்தார்.

கந்தப்பன் வாத்தியார், ஓய்வு பெற்றவர், கையைத் தூக்கினார். "புதுசா வந்தவங்க இருக்கறாங்க ஐயா. அம்மா மாத்திரை விட்ட கதையச் சொல்லுங்க."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் எழுந்தேன்.

"நான் விடல. மூணு வருசமா மறைச்சு வெச்சுத் தின்னுட்டுத்தான் இருக்கறேன். இவருக்குத் தெரியாது. என்னைப் பாத்து ஒரு புள்ள மாத்திரைய விட்டுச்சு. அது புதன்கிழமை சாகப் போச்சு. இப்ப ஆஸ்பத்திரில இருக்குது. ஊசி வெச்சுக்கறவங்க வெச்சுக்குங்க, தூக்கம் வருதுன்னா நல்லதுதான். ஆனா மருந்து விட்டவங்க எல்லாரும் குடுத்த டாக்டர்கிட்ட நாளைக்கே போங்க. நீங்களா மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம், கேட்டுட்டுச் செய்யுங்க."

ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள்.

"பொம்பளைக்கு இத்தன வாய் ஆகாது" என்றது பின்வரிசை.

"இத்தன நாளு குடுத்த சுக்குக் காப்பில என்னத்தக் கலந்தாளோ" என்றாள் ஒருத்தி. அதற்கும் நாலு பேர் சிரித்தார்கள்.

"புருசன் பேரக் கெடுக்கறதுக்குன்னே பொறந்திருக்கறா."

வாத்தியார் மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மிணி, நான் சக்கரை மாத்திரை விட்டு எட்டு மாசம் ஆச்சே. காலுல புண்ணு ஆறல. கழிவுன்னு இருந்துட்டேன்."

பேரேட்டைக் கொண்டுவந்தேன். மருந்தை விட்டவர்கள் பெயரை வரிசையாகப் படித்தேன். பத்தொன்பது பெயர். படிக்கப் படிக்க ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. வந்திராத ஏழு பேர் வீட்டுக்கு நான் நேரில் போகப் போகிறேன் என்றேன். காங்கேயத்துக்காரியை எங்கே போய்த் தேடுவது என்றுதான் தெரியவில்லை.

அவர் என்னைத் தடுக்கவில்லை. பத்தொன்பதாவது பெயர் முடிந்ததும் எழுந்து, வாத்தியார் கால் புண்ணைக் குனிந்து பார்த்தார். நாடி பிடிக்கவில்லை. பார்த்துவிட்டு, "வண்டி எடுக்கறேன், வாங்க, ஆஸ்பத்திரி போலாம்" என்றார்.

இரவு விளக்கு ஏற்றினேன், முருகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது.

மாசி 13, செவ்வாய்

ஏழில் ஆறு வீடு ஆயிற்று. இரண்டில் கதவைத் திறக்கவில்லை. ஒன்றில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். மூன்றில் கேட்டுக்கொண்டார்கள். முன்னறை பூட்டியே இருக்கிறது. பூட்டியது அவர்.

மாசி 14, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுலோச்சனா அக்கா வராந்தாவில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெங்களூரிலிருந்து வந்த மகன் என்னைப் பார்த்து எழுந்து நின்றான். அந்த மரியாதை அடியைவிட மோசம்.

மோகனா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள். பாதத்தில் கட்டு. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கம் வருதா சாமி?" என்றேன்.

"சாமி கீமின்னு கூப்புடாதீங்க."

"சரி."

"அன்னிக்கு அடுப்படில நின்னு கேட்டேனல்ல. கண்ணப் பாத்துக் கேட்டேன். நீங்களும் கண்ணப் பாத்துத்தான் சொன்னீங்க."

"ஆமா."

"என்ன பெரிம்மா ஆமாங்கறீங்க. ஒரு பொய்யக்கூட நடுங்காம சொல்லத் தெரிஞ்சிருக்குது உங்களுக்கு. சுக்குக் காப்பிய ஆத்தி ஆத்திக் குடுத்துட்டே சொன்னீங்க. என்ற புள்ள தாயில்லாமப் போயிருக்கும். உங்களுக்கு உங்க ஊட்டுக்காரர் மூஞ்சி வாடக் கூடாது, அவ்வளவுதானே?"

குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. மோகனாவின் முகம் சிவந்திருந்தது, கழுத்து நரம்பு துடித்தது, கண் என் மேல் நின்றது. நாலு வாரமாக அந்தக் கண் எதன் மேலும் நின்று நான் பார்க்கவில்லை.

"உங்களுக்கு ஒரு அறை விடோணும்னு இருக்குது."

"விடு."

விடவில்லை. மூச்சு வாங்கினாள். தலையணையைச் சரிசெய்யப் போனேன், என் கையைத் தட்டிவிட்டு அவளே சரிசெய்துகொண்டாள். வராந்தாவில் குழந்தை சிணுங்கியது. "பசிக்குது அவளுக்கு. கொண்டாரச் சொல்லுங்க" என்றாள்.

அக்கா கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி, முதுகைத் திருப்பி உட்கார்ந்து, மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கதவருகே போனபோது முதுகைத் திருப்பாமலே சொன்னாள்.

"நாளைக்கு வராதீங்க. நாளைக்கும் உங்க மேல கோவமாத்தான் இருப்பேன்."

"சரி."

"நாளான்னைக்கு வாங்க."